‘உறவினர்கள் என்ன பேசுவார்களோ?’

கேள்வி: வெளிநாட்டில் பணிபுரியும் என் மகள், உடன் பணியாற்றும் கறுப்பின இளைஞரை மணந்துகொள்ள விரும்புகிறாள். எனக்கு இன வேறுபாடு பார்க்கும் எண்ணம் கிடையாது. ஆனால், உறவினர்கள் என்ன பேசுவார்களோ, பிறக்கும் குழந்தைகள் எந்தப் பக்கமும் சேராமல் தவிப்பார்களோ என்ற கவலையில் உறக்கமே வருவதில்லை. அவள் மனத்தை எப்படி மாற்றுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மகள் மீதுள்ள பாசத்தால்தான் எழுதியிருக்கிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இளைஞர் வெள்ளையராக இருந்திருந்தால் இதே அளவுக்கு உறக்கம் கெட்டிருக்குமா? அப்போதும் அவர் வேற்றினத்தவர்தான். பிறக்கும் குழந்தைகளும் இரு இனங்களுக்கும் உரியவர்கள்தான். கெட்டிருக்காது என்று உங்கள் உள்மனம் சொல்லுமானால், நீங்கள் அஞ்சுவது இனக் கலப்புக்கு அன்று, கறுப்பு நிறத்துக்கு. இதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. உங்களிடமே மறைக்காமல் இருந்தால் போதும்.

குழந்தைகளைக் காரணம் காட்டித் தடுப்பது மிகப் பழைய வாதம். அமெரிக்காவில் ரிச்சர்ட் லவ்விங் என்ற வெள்ளையரும் மில்ட்ரெட் என்ற கறுப்பினப் பெண்ணும் 1958இல் வாஷிங்டனில் மணம் புரிந்து, சொந்த மாநிலமான வர்ஜீனியாவுக்குத் திரும்பிய சில வாரங்களில், இத்தகைய மணத்தைக் குற்றமாக்கியிருந்த மாநிலச் சட்டத்தின்படி, இரவில் வீடு புகுந்த காவலர்களால் கைது செய்யப்பட்டார்கள். ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்த நீதிபதி, 25 ஆண்டுகளுக்கு இருவரும் சேர்ந்து மாநிலத்துக்குள் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு அதை நிறுத்திவைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது, இத்தகைய மணங்களில் பிறக்கும் குழந்தைகள் துன்புறுவார்கள் என்றும் மாநில அரசுத் தரப்பு வாதிட்டது. 1967 ஜூன் 12 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தத் தடைச் சட்டத்தைச் செல்லாததாக்கினார்கள். அந்தத் தம்பதியரின் மூன்று குழந்தைகளும் சொந்த ஊரில் நிம்மதியாக வளர முடியாமல் போனது பெற்றோர் செய்துகொண்ட மணத்தாலா, அதைக் குற்றமாக்கியவர்களாலா என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டம் ஒரே நாளில் மாறிவிட்டது. மனங்கள் மெதுவாகவே மாறின. கறுப்பர், வெள்ளையரிடையேயான திருமணத்தை ஏற்பதாக 1958இல் காலப் (Gallup) நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் கூறிய அமெரிக்கர்கள் 4 விழுக்காட்டினர். 2021இல் அவ்வாறு கூறியவர்கள் 94 விழுக்காட்டினர். இன்று உங்கள் உறவினர்கள் பேசப்போவதை நிலையான தீர்ப்பாகக் கருத வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இன்னும் வெறித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வாடகைக்கு வீடு தர மறுப்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு இவை தெரியாமல் இருக்காது. இவற்றையெல்லாம் எதிர்கொண்டு வருபவளுக்குத் தாய்வீட்டிலும் அதே பார்வை காத்திருந்தால், அவள் எங்கே போவாள்?

நாளைய பேரக்குழந்தைகளைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். அவர்களை ஆழமாகக் காயப்படுத்தக்கூடியது வழியில் போகும் அந்நியரின் சொல் அன்று. ‘நல்ல வேளை, அம்மாவின் நிறம் வந்துவிட்டது’ என்று நெருங்கிய சொந்தம் சொல்லும் ஒரு சொல்தான். அத்தகைய பேச்சு உங்கள் முன்னிலையில் எழும்போதெல்லாம், பேசுபவர் எத்தனை மூத்தவராக இருந்தாலும் உடனே தடுக்க உங்களால் முடியும். மகளைத் தடுக்க நினைக்கும் உறுதியை அங்கே செலவிடுங்கள்.

மற்றபடி, மகளின் வாழ்க்கைத்துணையைப் பற்றித் தாய்க்கு இருக்கும் கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். அவர் கோபம் வந்தால் எப்படி நடந்துகொள்கிறார், பணத்தை எப்படிக் கையாள்கிறார், மகளின் வேலையை மதிக்கிறாரா என்பவை எந்த இனத்து மாப்பிள்ளையிடமும் அறிய வேண்டியவை. இவற்றில் குறை தெரிந்தால் மகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நிறத்தைப் பற்றிப் பேசாத தாயின் எச்சரிக்கையை அவள் காதுகொடுத்துக் கேட்பாள். உங்கள் கடிதத்தில் அந்த இளைஞரின் இனம் இருக்கிறது, அவர் எப்படிப்பட்டவர் என்பது ஓரிடத்திலும் இல்லை. முதலில் அவரோடு ஒருமுறை நேரில் பேசுங்கள். அவருடைய தாயாரைப் பற்றியும் விசாரியுங்கள். தம் மகனை உங்கள் குடும்பம் எப்படி நடத்துமோ என்று அந்த அம்மையாரும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கக்கூடும்.