தாத்தாவின் பைப்புக்குப் புதுச் சாயம்

கேள்வி: நண்பர் ஒருவர், தன் தாத்தா புகைபிடித்த பிரையர் மரப் பைப்பை என்னிடம் கொடுத்துப் புதுப்பித்துத் தரச் சொல்லியிருக்கிறார். நிறம் வெளுத்திருக்கிறது, கிண்ணத்தின் விளிம்பு கருகியிருக்கிறது. அடர் செம்பழுப்பு நிறம் வேண்டும் என்கிறார். மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போட்ட அனுபவம் எனக்கு உண்டு. கைவசம் எண்ணெய் கலந்த மர ஸ்டெயினும் பாலியூரித்தேன் வார்னிஷும் இருக்கின்றன. இவை போதுமா?

பதில்: அவை இரண்டும் அலமாரியிலேயே இருக்கட்டும். நாற்காலி சூடாவதில்லை, அதை யாரும் வாயில் வைப்பதும் இல்லை. பைப்பின் கிண்ணத்துக்குள் புகையிலைக் கங்கு பல நூறு டிகிரியில் எரிகிறது; சில மில்லிமீட்டர் மரத்துக்கு இந்தப் பக்கம் ஒருவருடைய விரல்கள் இருக்கின்றன. அந்தச் சூட்டில் பாலியூரித்தேன் படலம் இளகிக் கொப்பளித்து உரிய ஆரம்பிக்கும். எண்ணெய் ஸ்டெயினில் இருப்பது பெரும்பாலும் நிறமித் தூள். பிரையர் இழை நெருங்கிய மரம் என்பதால் அந்தத் தூள் உள்ளே இறங்காமல் மேலாகவே தங்கி, ரேகையை மங்கலாக்கிவிடும். உங்களுக்கு வேண்டியது ஆல்கஹாலில் கரைந்த சாயம். தோல் பொருட்களுக்குப் போடுகிற ஸ்பிரிட் சாயத்தையே பைப் செய்கிறவர்களும் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் சாயக் குப்பியைத் திறக்கும் முன் நண்பரிடம் பேச வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. பைப்பைப் பிடிக்கப்போகிறாரா, கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறாரா? இப்போது நீங்கள் அழுக்கு என்று பார்ப்பது, அவருக்குத் தாத்தாவின் கை பட்டுப் பழுத்த நிறமாக இருக்கலாம். உப்புத்தாள் பட்ட பிறகு அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது. சாயத்தை எப்போது வேண்டுமானாலும் அடர்த்தியாக்கலாம், வெளுப்பாக்குவதுதான் கடினம். அதனால் முதலில் சுத்தம் செய்து மெழுகு மட்டும் போட்டுக் காட்டுங்கள். அதைப் பார்த்துவிட்டு, 'இதுவே போதும்' என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

ஓட்டை அடைக்கும் பசையான 'புட்டி' (putty) பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரப் புதர் ஒன்றின் வேர்முண்டு. அதற்குள் மணலும் சிறு பள்ளங்களும் இருப்பது சகஜம்; அவற்றைத் தொழிற்சாலையிலேயே புட்டி வைத்து அடைத்து, மேலே அடர்நிறம் பூசி மறைப்பார்கள். ஒருமுறை இதை யோசிக்காமல், தெரிந்தவருடைய கறுத்த பைப்பை ஸ்பிரிட்டால் துடைத்து நிறம் நீக்கினேன். அடியிலிருந்து இளஞ்சிவப்பில் மூன்று பொட்டுகள் எட்டிப் பார்த்தன. புட்டி சாயத்தைக் குடிக்காது. மறுபடி ஏறக்குறைய கறுப்பாகவே அடித்துக் கொடுத்தேன்; அசடு வழிந்தது தனிக்கதை.

அடுத்தது தண்டில் குத்தியிருக்கும் முத்திரை. பைப்பின் பிறப்புச் சான்றிதழே அதுதான். முடியிழை ஆழத்துக்குத்தான் குத்தியிருப்பார்கள். உப்புத்தாளை நாலு தடவை இழுத்தால் காணாமல் போய்விடும். அதன்மேல் ஒட்டுநாடா ஒட்டிவிட்டு உப்புத்தாளைத் தொடுங்கள். மெருகுச் சக்கரத்தையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இனி வேலை. பைப் குளிர்ந்திருக்கும்போது மட்டும் வாய்த்துண்டைத் திருகிக் கழற்றுங்கள். சூட்டோடு திருகினால் தண்டு விரிசல் விடும், அல்லது உள்ளே செருகியிருக்கும் முளை ஒடியும். கிண்ணத்தின் உட்சுவரில் இருக்கும் கரிப்படிவத்தை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விட்டுவிட்டு மிச்சத்தைச் சுரண்டுங்கள். இதற்கு முகக்கவசம் அவசியம். காற்றுப் பாதையை ஸ்பிரிட்டில் நனைத்த பைப் துடைப்பான்களால், நிறம் ஒட்டாமல் வரும்வரை துடைக்க வேண்டும். இன்னொருவர் வாயில் வைத்த பொருள் என்பதால் இதில் சலிப்படையக் கூடாது.

விளிம்பு கருகியதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதி வெறும் தாராக இருக்கும். ஈரப் பஞ்சால் பொறுமையாகத் தேய்த்தாலே பெரும்பகுதி வந்துவிடும். எச்சில் நன்றாக வேலை செய்யும் என்பார்கள், அது உங்கள் விருப்பம். உண்மையாகவே மரம் கரிந்து மெத்தென்றாகியிருந்தால் மட்டும், சமதளத்தில் உப்புத்தாளை விரித்து, கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டமாகத் தேயுங்கள். நசுங்கிய பள்ளம் இருந்தால் உப்புத்தாள் வேண்டாம். ஈரத்துணியை வைத்து அதன்மேல் சூடான கத்தி முனையை அழுத்துங்கள். நீராவியில் மரம் தானே உப்பி எழும்.

பழைய பூச்சை ஆல்கஹாலால் துடைத்தெடுங்கள். அரக்குப் பூச்சு அதற்கே கரையும். லாக்கர் (lacquer) பூச்சு பிடிவாதம் பிடித்தால் அசிட்டோன். அக்ரிலிக் வாய்த்துண்டு பக்கம் அசிட்டோன் போகக் கூடாது, மங்கிப்போகும். பிறகு 400, 600, 800 என்று (எண் கூடக் கூடத் தாள் மென்மை) உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போங்கள். இந்தத் தேய்ப்பின்போது வாய்த்துண்டு மாட்டியே இருக்கட்டும். இல்லையென்றால் தண்டின் முனை உருண்டு, இணைப்பில் இடைவெளி தெரியும். சொரசொரப்பாகச் செதுக்கிய பைப்பாக இருந்தால் உப்புத்தாளே வேண்டாம், மென்தூரிகை போதும்.

இப்போது வாய்த்துண்டைக் கழற்றிவிட்டுக் கிண்ணத்தின் வாயைத் தக்கையாலோ பஞ்சாலோ இறுக அடையுங்கள். சாயம் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. எரிந்து புகையோடு வருவது அதுவாகத்தான் இருக்கும். தண்டின் துளையில் ஒரு குச்சியைச் செருகினால் பிடிக்க வசதி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இந்தச் சாயம் விரலை விட்டுப் போகப் பல நாள் எடுக்கும்.

ரேகை நன்றாக இருக்கும் பைப்புக்கு நேரடியாகச் செம்பழுப்பை அடிப்பது வீண். முதலில் கறுப்பை அடியுங்கள். பயப்பட வேண்டாம். கறுப்பு காய்ந்ததும் 600 தாளால் மெல்லத் தேய்த்தால், மிருதுவான ரேகைகள் குடித்த கறுப்பு தங்கும், கெட்டியான பகுதிகள் வெளுக்கும். அதன்மேல் ஆல்கஹால் கலந்து நீர்த்த செம்பழுப்பை ஏற்றினால், தீநாக்குகள் எழும்புவதுபோல ரேகை துள்ளும். இந்த வேலையில் எனக்கு அலுக்காத கட்டம் இதுதான். ஹேர் டிரையரால் மரத்தை லேசாகச் சூடாக்கிவிட்டு, நிறுத்தாமல் ஒரே மூச்சில் முழுப்பரப்பையும் நனையுங்கள். நடுவில் நின்றால் ஓரம் காய்ந்து கோடு விழும். பலர் ஈரச்சாயத்தில் தீ வைத்து ஆல்கஹாலை எரிப்பார்கள். அடுத்தவர் குடும்பச் சொத்தில் அந்த வித்தை தேவையா? ஓர் இரவு காயவிட்டாலே போதும்.

காய்ந்ததும் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, உபரிச் சாயத்தை எடுங்கள். இதை அரைகுறையாக விட்டால் முதல் சூட்டிலேயே நண்பரின் உள்ளங்கை சிவக்கும். நிறம் அதிகமாகிவிட்டது என்று தோன்றினால், குறைப்பதற்கும் இதே துணிதான்.

மேலே கார்னாபா மெழுகு. பிரேசில் பனை ஒன்றின் இலையிலிருந்து வருவது. ஏறத்தாழ 82 முதல் 86 டிகிரி செல்சியஸில் உருகும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் பிடிக்கும் பைப்புக்குச் சரிப்படாது, கையில் பிசுபிசுக்கும். துணிச்சக்கரத்தில் கொஞ்சமாக மெழுகை ஏற்றி, பைப்பை அழுத்தாமல் காட்டுங்கள். சக்கரம் பிடுங்கி எறியும், இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாய்த்துண்டு பச்சை கலந்த பழுப்பாகியிருந்தால் அது எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டுப் பட்டு அப்படி ஆகிறது. ஈரமான நுண் உப்புத்தாளால் தேய்த்தால் கறுப்பு மீண்டும் வரும். அதில் சின்னம் பதித்திருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

கொடுக்கும்போது, நண்பர் புகைப்பவராக இருந்தால், முதல் சில தடவை பாதிக் கிண்ணம் மட்டும் நிரப்பி நிதானமாக இழுக்கச் சொல்லுங்கள். வேலைக்கு முன் எடுத்த படங்களையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். தாத்தா பைப் எப்படி இருந்தது என்று வீட்டில் யாராவது கேட்பார்கள்.