அட்டைனி என்கிற குட்டி மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் புரோகிராம் ஏற்ற தனி புரோகிராமர் வாங்கியே ஆகணுமா, ஆர்டுயினோ ஊனோ போர்டு போதாதா?

போதும். எல்இடி மின்ன வைத்து முடித்துவிட்டு, அடுத்து எட்டுக்கால் சிப் ஒன்றைத் தனியாக ஓட்டிப் பார்க்கும் ஆசை வந்திருக்கும், அதுதானே? ஆர்டுயினோ ஐடிஇ-யின் (புரோகிராம் எழுதும் மென்பொருள்) எக்ஸாம்பிள்ஸிலேயே ‘ஆர்டுயினோ ஐஎஸ்பி’ இருக்கிறது. அதை ஊனோவில் ஏற்றினால் ஊனோவே புரோகிராமர். ஏற்றிய பிறகு ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள் (பிளஸ் கால் ரீசெட்டில்), இல்லையென்றால் பேச வேண்டிய நேரத்தில் ஊனோ ரீசெட் ஆகிவிடும்.

கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் கேள்வியைப் பார்த்ததும் நான் குப்பையில் போட்ட மூன்று சிப் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

எங்களுக்கு நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கம் கேரட் தோட்டம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் விடிவதற்குள் ஸ்பிரிங்க்ளரைப் போட்டுக் கழுவிவிட வேண்டும், வெயில் ஏறிவிட்டால் இலை கருகிப்போகும். அப்பா இரவில் மூன்று தடவை எழுந்து பார்ப்பார். 2 டிகிரிக்குக் கீழே போனால் கத்துகிற மாதிரி ஒன்று செய்யலாம் என்று அட்டைனி85 நான்கும் ஒரு டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாரும் வாங்கினேன். மெனுவில் கிளாக் (சிப் ஓடும் வேகம்) 1, 8, 16 என்று இருந்தது. பெரியதுதானே நல்லது என்று 16 மெகாஹெர்ட்ஸ் எக்ஸ்டர்னலைத் தேர்ந்தெடுத்து ‘பர்ன் பூட்லோடர்’ கொடுத்தேன். நல்லபடியாக முடிந்தது என்றே திரையில் வந்தது. அடுத்த தடவை சிப்பின் சிக்னேச்சர் (அடையாள எண்) 0x000000, அதாவது சிப் பதிலே சொல்லவில்லை. வயரிங்கை நாலு முறை மாற்றிப் பார்த்துவிட்டு, சிப் போச்சு என்று அடுத்ததை எடுத்து அதே மெனு, அதே 16. இப்படியே மூன்றும் குப்பை வண்டியில் போயின. நான்காவதையும் அதே மாதிரி செய்துவிட்டுத்தான் எனக்குச் சந்தேகமே வந்தது.

டேட்டாஷீட்டைப் படிக்க வேண்டியதுதானே என்று சிலர் வருவீர்கள். நான் பி.காம். 200 பக்கத்துக்கு மேல் இருக்கும் அதில் ஃப்யூஸ் (சிப் எப்படி ஓட வேண்டும் என்ற செட்டிங்) என்று ஒன்று இருப்பதே தெரியாதவன் எந்தப் பக்கத்தைத் தேடுவான்?

கடைக்கு ஓடி இன்னொன்று வாங்கலாமே என்றால், அதற்கும் கோயம்புத்தூர் இறங்க வேண்டும். கூரியர்காரர் போன் போட்டு, “அண்ணா, குன்னூர் வந்து வாங்கிக்கறீங்களா?” என்பார். டெலிவரி சார்ஜ் மட்டும் வீட்டு வாசல் வரைக்கும். சீசன் சனிக்கிழமை என்றால் பர்லியாரிலிருந்தே கார் வரிசை, ஒரு குட்டி சிப்புக்கு ஒரு நாள் கூலி போகும். சரி, அதை விடுங்கள்.

விஷயம் இதுதான். அட்டைனி85-க்கு அந்த ‘பர்ன் பூட்லோடர்’ பூட்லோடர் எதையும் ஏற்றவில்லை, ஃப்யூஸை மட்டும்தான் மாற்றியது. கம்பெனியிலிருந்து வரும்போது உள்ளேயே இருக்கிற 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து 1-ல் ஓடும். நான் வெளிக் கிரிஸ்டலை (கிளாக் துடிப்பு தரும் பாகம்) பார் என்று சொல்லிவிட்டேன், கிரிஸ்டலோ வைக்கவே இல்லை. கிளாக் வருமென்று அது பாட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கிறது, நான் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டிருக்கிறேன். இன்னொரு ஊனோவில் 1 மெகாஹெர்ட்ஸ் சதுர அலை உண்டாக்கி (டோன் ஃபங்ஷனின் வேகம் பத்தாது, ஊனோவின் டைமர்1-ஐ நேரடியாக ஓட்ட வேண்டும்) அட்டைனியின் 2-ஆம் காலில் கொடுத்தேன், இரண்டு ஊனோவுக்கும் கிரவுண்ட் ஒன்றாக இருக்க வேண்டும். அட்டைனி85-இன் சரியான சிக்னேச்சர் 1E 93 0B வந்தது பாருங்கள், ராத்திரி பதினொரு மணி, வீட்டில் எழுப்பிக் காட்ட ஆள் இல்லை. உடனே இன்டர்னல் 8-க்கு மாற்றிவிட்டேன்.

ரீசெட் காலை நிறுத்தும் ஃப்யூஸை மட்டும் தொட்டுவிடாதீர்கள். அதற்கு இந்த வைத்தியம் பலிக்காது, 12 வோல்ட் புரோகிராமர் தேவைப்படும். தனி புரோகிராமர் வேண்டுமா என்று கேட்டால், வேண்டிவருவது அங்கேதான்.

அந்த நான்காவது சிப் இப்போது கேரட் பாத்தி ஓரம் வெட்டிய தண்ணீர் பாட்டிலுக்குள் இருக்கிறது. முதல் தடவை அது கத்தியபோது காலை நாலு மணி. அப்பா நம்பவில்லை, டார்ச்சோடு போய்ப் புல்லைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மோட்டாரைப் போட்டார்.