நுரையீரலில் தசை இருக்கிறதா? இல்லையென்றால் அது எப்படி விரிந்து சுருங்குகிறது?

கேள்வியைப் பார்த்ததும் அப்பா ஞாபகம்தான் வந்தது. போன டிசம்பரில் இங்கே டெல்லியில் அவருக்குப் பித்தப்பைக் கல்லுக்காக மேல்வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். மறுநாளே, மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கையில் கொடுத்து மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். அப்பா இரண்டு நாள் விடாமல் ஊதினார். பந்து அசையவே இல்லை. "ஓட்டை பீஸைத் தலையில கட்டிட்டாங்கடா" என்று என்னிடம் புகார் வேறு. மூன்றாம் நாள் வந்த சிஸ்டர்தான் பார்த்துவிட்டு, "அங்கிள், ஃபூங்க்னா நஹீ, கீஞ்ச்னா ஹை" என்றார். ஊதக் கூடாதாம், உறிஞ்ச வேண்டுமாம். உறிஞ்சினார். ஒரு பந்து எழும்பியது. இரண்டு நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிக்க யோக்கியதை இல்லை.

சரி, உங்கள் கேள்விக்குப் பதில் அந்தத் தப்பிலேயே இருக்கிறது. சும்மா இருக்கும்போது மூச்சை இழுப்பதுதான் உடம்புக்கு வேலை, விடுவது ஓய்வு. நுரையீரலுக்குத் தன்னைத் தானே விரித்துக்கொள்ளும் தசை கிடையாது. (மூச்சுக் கிளைக்குழாய்களைச் சுற்றி மெல்லிய தசை உண்டு. ஆஸ்துமாவில் இறுகுவது அதுதான். விரிக்கிற வேலை அதனுடையது அல்ல.) நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்த கிண்ணம் மாதிரி நிற்கிறது உதரவிதானம் என்ற தசை. மூளையின் அடிப்பகுதியிலிருந்து உத்தரவு வந்ததும் அது சுருங்கித் தட்டையாகி இறங்கும். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் நெஞ்சுக்கூட்டைத் தூக்கி அகட்டும். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வது போல நுரையீரல் அந்தக் கூட்டின் உட்சுவரோடு ஒட்டியிருப்பதால், கூடு விரிந்தால் அதுவும் விரிந்தாக வேண்டும். உள்ளே இடம் பெருகி அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று தானாக நுழைகிறது. சிஸ்டர் சிரிஞ்சின் பிஸ்டனை இழுத்தால் மருந்து ஏறுகிறதே, அதே கதைதான்.

எவ்வளவு குறைய வேண்டும் தெரியுமா? வெளியே காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம் என்றால், உள்ளே அதைவிட 1 அல்லது 2 மி.மீ. குறைந்தாலே அமைதியான ஒரு மூச்சுக்குப் போதும். அதற்கே சுமார் அரை லிட்டர் காற்று வந்துவிடுகிறது.

அதில் 150 மில்லி போல மூக்கிலும் குழாய்களிலும் நின்றுவிடும். மீதி, 30 முதல் 50 கோடி வரை இருக்கும் குட்டிக் காற்றுப்பைகளுக்குப் போகும். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர். நாங்கள் குடியிருந்த ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் அதைவிடச் சின்னது. மிக மெல்லிய அந்தச் சுவர் வழியாகத்தான் ஆக்ஸிஜன் ரத்தத்துக்குள் போகிறது, கரியமில வாயு வெளியே வருகிறது. குழாய்களில் அழுக்கையும் சளியையும் மேலே தள்ளிவிடும் நுண்மயிர்கள் இந்தப் பைகளில் இல்லை. 2.5 மைக்ரானுக்குக் குறைந்த டெல்லிப் புகைத்துகள் இந்தப் பைகள் வரை நேராக வந்து சேர்வதை நினைத்தால் வயிறு எரிகிறது.

வெளியே விடும்போது தசைகள் தளர்ந்தால் போதும், இழுத்துவிட்ட ரப்பர் மாதிரி நுரையீரல் தானே சுருங்கிவிடும். இரும, பலூன் ஊதத்தான் வயிற்றுத் தசையின் தயவு வேண்டும்.

அப்பாவுக்கு அந்தக் கருவி எதற்கென்றால், மேல்வயிற்றில் தையல் இருக்கும்போது வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விடுவோம். நுரையீரலின் அடிப்பக்கப் பைகள் சுருங்கி மூடிக்கொள்ளும், சளி தேங்கும், நிமோனியா வரைக்கும் போகலாம். ஆழமாக இழுத்தால்தான் அவை திறக்கும்.

அப்புறம், பந்து எழும்பிய உற்சாகத்தில் அப்பா வேகவேகமாக இழுத்து விட்டுத் தலைசுற்றிச் சாய்ந்துவிட்டார். "ஆக்ஸிஜன் ஜாஸ்தியாயிடுச்சா?" என்று கேட்டார். இல்லை, கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கியதால் வந்த சுற்றல். மூச்சை அடக்கினால் தாங்க முடியாமல் தவிப்பதும் பெரும்பாலும் அந்த வாயு சேர்வதால்தான், ஆக்ஸிஜன் தீர்ந்துபோவதால் அல்ல. விட்டுவிட்டுச் செய்யச் சொன்னார் டாக்டர்.

டிஸ்சார்ஜ் அன்று, பக்கத்துப் படுக்கைக்குப் புதிதாக வந்திருந்த சர்தார்ஜி அதே கருவியை மும்முரமாக ஊதிக்கொண்டிருந்தார். சட்டை மாட்டிக்கொண்டிருந்த அப்பா, ஒரு கையை நுழைத்தபடியே, "ஃபூங்கோ மத், கீஞ்சோ!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.