அம்மா பெயரில் யார் பதில் போடுவது?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது, கும்பகோணம் பக்கம் இருக்கிறார். அவர் ஊறுகாய், வடாம், பொடி வகைகள் சொல்லித் தரும் 72 வீடியோக்களை எங்கள் இணையதளத்தில் போட்டு, மாதம் 249 ரூபாய் சந்தா வாங்குகிறேன். பணம் கட்டிய அன்றே எல்லா வீடியோவும் திறந்துவிடும். இரண்டே வாரத்தில் மொத்தத்தையும் பார்த்துவிட்டு அடுத்த மாதம் சந்தாவை நிறுத்திவிடுகிறார்கள். சேர்ந்த 410 பேரில் இன்று 90 பேர்தான் மிச்சம். இனி வாரத்துக்கு இரண்டு வீடியோ என்று மெல்லத் திறக்கலாமா? எட்டு மாதத்துக்கு வரும். பொன்னியின் செல்வனையே வாரா வாரம் காத்திருந்துதானே படித்தார்கள்? மற்றபடி நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. அம்மாவுக்கு டைப் பண்ண வராது என்பதால் உறுப்பினர்களின் சந்தேகங்களுக்கு அம்மா பெயரில் நானே உடனுக்குடன் பதில் போட்டுவிடுகிறேன், ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். இப்படி மாற்றினால் பழைய உறுப்பினர்கள் கோபித்துக்கொள்வார்களா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தம்பி, இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. கோலம் சொல்லித் தருகிறவர், ஆரி வேலை சொல்லித் தருகிறவர், போட்டித் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறவர் என்று அடிக்கடி யாராவது எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கவலை, கையில் இருக்கிற சரக்கை எத்தனை மாதம் இழுக்கலாம் என்று. அதற்கு வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோனது வேறு இடத்தில்.

“அம்மா பெயரில் நானே.” மூன்றே சொல். போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள், அதுவும் பெருமையாக.

ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். ஒரு பெண் கேட்கிறார்: “அம்மா, மாவடு போட்டு ஒன்பது நாள் ஆச்சு, மேல வெள்ளையா படிஞ்சிருக்கு, தூக்கிப் போட்டுடவா?” நாலே நிமிடத்தில் பதில் போயிருக்கிறது: “கவலைப்படாதே கண்ணு, 14-வது வீடியோல ஆறாவது நிமிஷம் பாரு. அன்புடன் அம்மா.” அந்தக் ‘கண்ணு’தான் எனக்குப் பொறுக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணை உங்கள் தாயார் எப்படிக் கூப்பிடுவார் என்று யோசித்து, அதைப் போலவே எழுதி, கீழே அவர் பெயரையும் போட்டிருக்கிறீர்களே, அவருக்கு இது தெரியுமா?

உங்கள் அம்மாவாக இருந்தால் உடனே பதில் சொல்லியிருக்கவே மாட்டார், திருப்பிக் கேட்டிருப்பார். வெள்ளைன்னா ஏடு மாதிரி மெலிசா இருக்கா, பஞ்சு மாதிரி பூத்திருக்கா? கல்லுப்பா தூள் உப்பா? வடு தண்ணிக்குள்ள முங்கியிருக்கா, மேல மிதக்குதா? ரெண்டு வேளையும் குலுக்கினியா? கழுவின ஈரம் போகத் துடைச்சுட்டுத்தானே போட்டே? பஞ்சு மாதிரி பூஞ்சை என்றால் தயவு பார்க்காமல் கொட்டு என்பார், ஏடு என்றால் அது வேறு கதை. இதெல்லாம் ஆறாவது நிமிஷத்தில் எப்படி இருக்கும்? படம் எடுத்த அன்று உங்கள் வீட்டு ஜாடி நன்றாகத்தானே இருந்தது. (என் மாமியார் மூடியைத் திறந்து மோந்து பார்த்தே “உப்பு போதலை” என்று சொல்லிவிடுவார். எனக்கு நாற்பது வருடமாகியும் அந்த மூக்கு வாய்க்கவில்லை.)

320 பேர் போனது வீடியோ தீர்ந்ததால் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். மாவடு செய்முறை யூடியூபில் சும்மாவே கிடைக்கிறது தம்பி. 249 ரூபாய் கொடுத்தவர்கள் கெட்டுப்போனால் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார் என்று நம்பித்தான் கொடுத்தார்கள், கேட்டுப் பார்த்தார்கள், மறுபக்கம் ஆள் இல்லை என்பது எப்படியோ புரிந்துபோயிருக்கிறது. பொன்னியின் செல்வனை இழுத்தீர்களே, 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வந்தது, உண்மைதான். ஆனால் அங்கே அடுத்த வாரத்துக்கு எழுத கல்கி இருந்தார். நீங்கள் செய்யப்போவது எடுத்து முடித்த சரக்கைப் பூட்டி வைத்துத் துண்டு துண்டாக விற்பது. இரண்டும் ஒன்றா?

மெல்லத் திறப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை, ஊறுகாய்க்கு அதுதான் முறையே. மோர்மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, ராத்திரி திரும்பவும் அதே மோரில் போட்டு, மோர் முழுக்க மிளகாய்க்குள் இறங்கும்வரை இப்படியே தினமும். மாவடுவுக்கு முதல் நாள் விளக்கெண்ணெயும் கல்லுப்பும் மஞ்சள்பொடியும், மூன்று நாலு நாளில் தண்ணீர் விட்டு வடு சுருங்க ஆரம்பிக்கும், அப்புறம்தான் மிளகாயும் கடுகும் அரைத்துப் போடுவது. இதையெல்லாம் வெட்டி ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு நிமிடமாக்கிவிட்டால், பார்க்கிறவரும் அதற்குள் கற்றுக்கொண்டதாக நினைத்துக் கிளம்பிவிடுகிறார். ஆகவே ஒரு மாவடு வீடியோவை மூன்றாகப் பிரியுங்கள். முதல் நாள் பாடம், நாலாம் நாள் பாடம், பத்தாம் நாள் “உங்க ஜாடி எப்படி இருக்கு, போட்டோ போடுங்க” என்று ஒன்று.

அப்புறம், இந்த மென்பொருள்களில் பொதுவாக இரண்டு வழி இருக்கும். உறுப்பினர் சேர்ந்த நாளிலிருந்து எண்ணித் திறப்பது ஒன்று, எல்லோருக்கும் ஒரே தேதியில் திறப்பது இன்னொன்று. உங்கள் ‘வாரத்துக்கு இரண்டு’ முதல் வகை என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ஐப்பசியில் சேர்ந்தவருக்கு மூன்றாவது வாரம் வடாம் பாடம் வந்து நிற்கும், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும். மாசி பங்குனியில் மாவடு, சித்திரை வெயிலுக்கு வடாமும் மோர்மிளகாயும், மாங்காய் முற்றியதும் ஆவக்காய், மழைக்காலத்தில் பொடியும் புளிக்காய்ச்சலும், மார்கழி தை ஒட்டி நெல்லிக்காய் என்று கடைக்கு வருவதைப் பார்த்துத் தேதி வையுங்கள். புதிதாகச் சேர்கிறவர் வெறுங்கையோடு நிற்காமல் இருக்க, எந்த மாதமும் செய்யக்கூடிய ஆறேழு பாடத்தை மட்டும் முதல் நாளே திறந்துவிடுங்கள்.

பணம் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு வைத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது வாடிக்கையாளருக்குத் தகவல் போயாக வேண்டும், 2021 அக்டோபரிலிருந்தே இந்த வழக்கம்தான். “நாளை 249 ரூபாய்” என்று அந்த மெசேஜ் வரும்போதுதான் மனுஷி யோசிக்கிறாள், இந்த மாதம் நமக்கு என்ன கிடைத்தது என்று. அதற்கு முந்தின வாரம் அவள் கேட்ட கேள்விக்கு உங்கள் அம்மாவின் குரலில் ஒரு பதில் வந்திருந்தால் அந்த மெசேஜைத் தள்ளிவிட்டுப் போய்விடுவாள். பூட்டிய வீடியோ ஒன்று காத்திருக்கிறது என்பதற்காக இருந்தாலும் ஒரு மாதம் இருப்பாள், இரண்டு மாதம் இருப்பாள்.

பழைய உறுப்பினர்கள் 90 பேருக்குத் திறந்ததைத் திறந்தபடியே விடுங்கள். காசு வாங்கிக்கொண்டு கொடுத்ததைத் திரும்பப் பூட்டினால் கோபம் வரத்தான் செய்யும், வரவேண்டும். புது முறை புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மட்டும், அதையும் பணம் கட்டும் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மாவடு மட்டும் கற்றுக்கொண்டு போகிறவர் போகட்டும், அவருக்கு ஒரே தடவை கட்டணம் வைத்துக் கொடுங்கள். எல்லோரையும் பிடித்து வைக்க வேண்டியதில்லை.

டைப் பண்ண வராது என்கிறீர்கள். பேச வருமில்லையா? 72 வீடியோவில் பேசியிருக்கிறாரே. ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி ஆனதும் போன் போடுங்கள், வந்த கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுங்கள், அவர் சொல்வதைப் பதிவு செய்து அப்படியே போடுங்கள். இருமினால் இருமலோடு, “அடியே, ஈரக் கரண்டியைப் போட்டியா” என்று யாரையாவது திட்டினால் திட்டோடு. நடுவில் அவசரமென்றால் உங்கள் பெயரில் எழுதுங்கள், “மகன் எழுதுகிறேன், அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்று. இதுவரை போட்ட பதில்கள் யாருடையவை என்பதையும் உறுப்பினர்களுக்குச் சொல்லிவிடுங்கள். நாலு பேர் போவார்கள், போகட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இவ்வளவு கணக்கு எழுதிய கடிதத்தில் அம்மாவுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. “வீட்டுக்குள்ள என்ன கணக்கு” என்பீர்கள். அந்தக் கைப்பக்குவம் அவருடையது, பிள்ளை அதை விற்கலாம், விற்ற காசை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்காமல் விற்கக்கூடாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பணத்தைவிட மோசம், அவரைத் தேடி வந்த 410 பேரில் ஒருவரைக்கூட நீங்கள் அவரிடம் பேச விடவில்லை. அவர் சொல்லிக் கொடுத்து யார் வீட்டிலோ ஜாடி நிறைந்திருக்கிறது, அந்தச் சேதி வாசலோடு நின்றுவிட்டது, உங்கள் போனில்.

மென்பொருளை அப்புறம் தொடலாம். முதலில் அந்த மாவடுப் பெண்ணின் கேள்வியை இன்றைக்கே அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் தேதியைப் பார்த்தால் இன்னும் ஜாடியைக் கொட்டியிருக்க மாட்டார்.