போதை மறுவாழ்வு மையத்திலிருந்து வந்த மகனை எப்போது வேலைக்கு அனுப்பலாம்?

"முழுசாகக் குணமாகட்டும், அப்புறம் வேலையைப் பார்க்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அந்த 'அப்புறம்' வரும்வரை நாள் முழுக்க வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பழைய சகவாசம் தேடி வருவதும் அப்போதுதான்.

சிகிச்சை முடிந்த பிறகுதான் வேலை என்ற எண்ணத்தையே மாற்றிக் காட்டிய ஒரு முறை உண்டு. 1990களில் அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் கடும் மனநோய் உள்ளவர்களுக்காக உருவாக்கியது. பிறகு போதைச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் இங்கிலாந்தில் அதைச் செய்து பார்த்தார்கள். வேலை செய்ய ஆசை இருந்தால் போதும், 'தகுதியாகிவிட்டாரா' என்று பார்த்து ஒதுக்குவதில்லை. மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்துக் காக்க வைக்காமல், சாதாரணச் சம்பள வேலையையே சீக்கிரம் தேடுகிறார்கள். வேலை தேடித் தருபவர் சிகிச்சைக் குழுவிலேயே ஒருவர். வேலை கிடைத்த பிறகும் கூடவே இருப்பார். உங்கள் மகனின் மையத்தில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் மகனுடைய கவுன்சலரும் வேலைக்குத் தயார்படுத்தும் பயிற்சி நிலையமும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள், மகனின் சம்மதத்தோடு.

எந்த வேலை என்பதைவிட எந்த நேரம், எந்தச் சூழல் என்பது முக்கியம். இரவு ஷிப்ட், ஆள் மாறி ஆள் வரும் தங்கும் விடுதி, மதுக்கூடம், மருந்துக் கிடங்கு, இவை இப்போதைக்கு வேண்டாம். மெத்தடோன் (ஹெராயின் போன்ற போதைக்கு மாற்றாக டாக்டர் தருவது) போன்ற மருந்தைத் தினமும் மையத்துக்குப் போய் வாங்குபவர் என்றால், அதிகாலை ஷிப்ட் ஒத்துவராது. வேலைக்காக அந்த மருந்தைத் தானாக நிறுத்தவே கூடாது. மருந்தின் பெயர் குறித்த டாக்டர் கடிதம் கையில் இருக்கட்டும். நிறுவனம் சிறுநீர்ப் பரிசோதனை கேட்டால் உதவும். கனரக வண்டி, உயரத்தில் ஏறும் வேலை என்றால் டாக்டரைக் கேட்காமல் சேர வேண்டாம்.

ரெஸ்யூமில் விழுந்த இடைவெளிக்குப் பொய்க் கம்பெனிப் பெயர் போடச் சொன்ன உறவினரை மறந்துவிடுங்கள். ஒரு போன் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். "உடல்நலச் சிகிச்சையில் இருந்தேன், இப்போது வேலை செய்யத் தயார்" என்றால் போதும். அதற்கு மேல் எவ்வளவு சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். நேரடியாகக் கேட்டால் மட்டும் பொய் வேண்டாம். இதை இன்டர்வியூவுக்கு முன் வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் தடவை தொண்டை அடைக்கும்.

பலரும் யோசிக்காத ஒன்று, முதல் சம்பள நாள். மொத்தமாகக் கையில் பணம் வருவதே சிலருக்குப் போதை நினைப்பைக் கிளறிவிடும். அன்று என்ன செய்யப் போகிறார் என்று ஒரு வாரம் முன்பே பேசி வையுங்கள். பணம் வங்கிக்கே போகட்டும். சாயங்காலம் கவுன்சலிங்கோ குழுக் கூட்டமோ இருந்தால் நல்லது. ஆனால் சம்பளத்தை நீங்கள் பிடுங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒருவேளை மறுபடி சறுக்கினால், வேலையை விடச் சொல்லிக் கத்துவதற்கு முன் மையத்தைக் கூப்பிடுங்கள். இடைவெளி விட்டவர் உடல் பழைய அளவைத் தாங்காது, உயிருக்கே ஆபத்து. அன்றைய அவசரம் அதுதான்.

அடுத்த கடிதத்தை மகனையே எழுதச் சொல்லுங்களேன். அவருக்கு என்ன வேலை பிடிக்கும் என்று உங்கள் நீண்ட கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.