நாஸ் பெட்டிக்குள் எந்த ஹார்ட் டிஸ்க்?
வாசகர் கேள்விகளுக்கு சிம்மக்கல் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரின் பதில்கள்

நாஸ் என்கிற டிஸ்க் பெட்டியை வீட்டு ரூட்டரில் ஒயர் போட்டு மாட்டிவிட்டால், வீட்டிலிருக்கிற எல்லாருடைய போன், லேப்டாப்பிலிருந்தும் படமும் வீடியோவும் போட்டு எடுக்கலாம். அந்த நாஸ் பெட்டியைப் பற்றிப் போன முறை எழுதினேன். பெட்டி பெரும்பாலும் காலியாகத்தான் வரும், டிஸ்க்கை நாம்தான் தனியாக வாங்கிப் போட வேண்டும். அதனால் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டிஸ்க்கைப் பற்றியே.

கேள்வி: அலங்காநல்லூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு என்று எடுப்பது எல்லாம் சேர்ந்துகொண்டே போகிறது. மகன் இரண்டு டிஸ்க் போடுகிற நாஸ் பெட்டி வாங்கி அனுப்பியிருக்கிறான். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் விசாரித்தேன். ஒரு கடையில் "எந்த டிஸ்க்கும் சேரும்ணே, சாதா 4 டி.பி. போதும்" என்றார்கள். அடுத்த கடையில் சிசிடிவிக்குப் போடுகிற டிஸ்க்கை எடுத்து வைத்தார்கள். மூன்றாவது கடையில் நாஸ் டிஸ்க் என்று ஒன்று, விலை கூடுதல். எதை வாங்குவது?

அண்ணே, மூன்றுமே சேரும். மூன்றும் மூன்றரை அங்குலம், மூன்றுக்கும் சாட்டா என்கிற ஒரே வகை இணைப்பு வாய். மாட்டினால் பெட்டி ஏற்றுக்கொள்ளும், பச்சை விளக்கும் எரியும். முதல் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் டிஸ்க் சேருகிறதா என்பதைவிட, ஒரு டிஸ்க் செத்துப்போய் அதை மாற்றுகிற நாளில் உங்கள் படங்கள் பிழைக்குமா என்று பாருங்கள். நான் பார்த்தவரை பெட்டி கவிழ்வது அந்த நாளில்தான்.

டிஸ்க்கில் தகவல் எழுதுவதில் இரண்டு முறை உண்டு. சி.எம்.ஆர். என்பது பழைய முறை. வயலில் பாத்தி கட்டுவதுபோல ஒவ்வொரு தடமும் தனித்தனியாக இருக்கும், ஒன்றைத் திருத்தினால் பக்கத்துத் தடம் கலையாது. எஸ்.எம்.ஆர். என்பது நாட்டு ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் ஓரத்தின்மேல் அடுத்த தடம் ஏறி உட்காருவது. அதே தட்டில் கூடுதலாக அடைக்கலாம், செலவு குறையும். ஓட்டு வீட்டில் பிறந்தவர்களுக்கு அதிலுள்ள சிக்கலைச் சொல்லவே வேண்டாம். நடுக்கூரையில் ஒரு ஓடு உடைந்தால் அதை மட்டும் உருவி எடுக்க முடியாது, மேலே ஏறியிருக்கிற வரிசையைக் கிளப்பித்தான் மாற்ற வேண்டும். எஸ்.எம்.ஆர். டிஸ்க்கும் அப்படித்தான். ஒரு சின்ன மாற்றத்துக்கு ஒரு பட்டையையே படித்துத் திரும்ப எழுதும். அந்த வேலை வெளியே தெரியாமலிருக்க, வருவதை முதலில் ஓரமாக ஒரு திண்ணையில் இறக்கி வைத்துக்கொண்டு, சும்மா இருக்கிற நேரத்தில் உள்ளே அடுக்கும். சாதாரண கம்ப்யூட்டருக்கு இது போதும், ஏனென்றால் அதற்கு ஓய்வு நிறைய. நாஸில் ஒரு டிஸ்க் போய்ப் புதுசு போட்டால், மற்ற டிஸ்க்கிலிருந்து முழுத் தகவலையும் இடைவிடாமல் இதில் எழுத வேண்டும். அதுவே ஒரே சீராக வந்தால் எப்படியோ சமாளிக்கும். நடுவில் நீங்கள் எடிட்டிங்கும் பார்த்தால் திண்ணை நிரம்பிவிடும், டிஸ்க் மூச்சு வாங்கும். பதில் வராத டிஸ்க்கை "இதுவும் செத்துவிட்டது" என்று பெட்டி வெளியே தள்ளிவிடும்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். மேலூர்ப் பக்கத்து போட்டோகிராபர் ஒருவர், ஆவணி முகூர்த்த நேரம், நான்கு டிஸ்க் பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். ஒரு டிஸ்க் போனதும் எங்கோ ஒரு கடையில் மலிவான சாதா டிஸ்க்கை மாட்டிவிட்டிருக்கிறார்கள். புது டிஸ்க்கில் தகவலை நிரப்புகிற மறுசேர்ப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் மூன்று கல்யாணத்தை அதில் எடிட் பண்ணியிருக்கிறார். ஆறாவது நாள் புது டிஸ்க் வெளியே தள்ளப்பட்டது. இத்தனை நாள் ஓட்டத்தில் பழைய டிஸ்க் ஒன்றும் களைத்துப்போனது. என் மேஜையில் பெட்டியை ஆன் பண்ணினதும் உள்ளே ஊசி தட்டுகிற சத்தம். டிக், டிக், கொஞ்சம் நிதானித்து மறுபடி டிக். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணோட தாத்தா கல்யாணம் முடிஞ்ச மூணாம் வாரம் தவறிட்டாருண்ணே. அவரு ஆசீர்வாதம் பண்றது இதுலதான் இருக்கு" என்றார். ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனியாகப் பிரதி எடுக்க ஒன்பது ராத்திரி ஆனது. தாத்தா கிடைத்தார். இன்னொரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற கிளிப் பாதியோடு நின்றுவிட்டது. மிச்சம் வரவே இல்லை.

இதனால்தான் உறை அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள், டிஸ்க்கின்மேல் ஒட்டியிருக்கிற மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். "நாஸுக்கு" என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசை நாஸுக்கென்றே விற்பது. அதில் 2 முதல் 6 டி.பி. வரை சில மாடல்கள் எஸ்.எம்.ஆர். என்பதை 2020 ஏப்ரலில்தான் கம்பெனி வெளிப்படையாக ஒத்துக்கொண்டது. அதுவரை வாங்கியவர்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் சி.எம்.ஆர். டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று பெயர் பிரித்தார்கள். அந்த 2 முதல் 6 டி.பி. ரெட் டிஸ்க்கில் மாடல் எண் 'இ.எஃப்.ஏ.எக்ஸ்.' என்று முடிந்தால் எஸ்.எம்.ஆர்., பழைய 'இ.எஃப்.ஆர்.எக்ஸ்.' என்றால் சி.எம்.ஆர். பழைய சரக்கு இன்னும் அலமாரிகளில் இருக்கிறது, அதனால் நின்று படித்துப் பாருங்கள். ரெட் பிளஸ், ரெட் ப்ரோ, சீகேட் அயர்ன்வுல்ஃப், டோஷிபா என்300 எல்லாம் சி.எம்.ஆர். உங்களுக்கு ரெட் பிளஸ் அல்லது அயர்ன்வுல்ஃப் போதும். என்300 நன்றாக உழைக்கும், ஆனால் நிமிஷத்துக்கு 7200 சுற்று. ஸ்டூடியோ அறையில் வைத்தால் சத்தமும் சூடும் கூடுதலாகத் தெரியும். முதல் கடைக்காரர் காட்டியது சீகேட் பாராகுடா 4 டி.பி.யாக, எண் 'எஸ்.டி. 4000 டி.எம். 004' ஆக இருந்தால் அது எஸ்.எம்.ஆர்., வேண்டாம்.

நாஸ் டிஸ்க்குக்கு இன்னொரு குணமும் உண்டு. ஓர் இடத்தைப் படிக்க முடியவில்லையென்றால் சாதா டிஸ்க் அதோடு நெடுநேரம் மல்லுக்கட்டும். கம்ப்யூட்டரில் அது ஒன்றே டிஸ்க் என்பதால் அது சரிதான். நாஸ் டிஸ்க்கோ சுமார் 7 விநாடியில் விட்டுவிட்டு, "எனக்கு வரவில்லை, ஜோடியிடம் கேள்" என்று சொல்லிவிடும். பெட்டி அடுத்த டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும், யாரையும் வெளியே தள்ளாது.

சிசிடிவி டிஸ்க் கேட்டீர்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் இரண்டும் பல கேமராவிலிருந்து ராப்பகலாக வருவதை விடாமல் எழுதிக்கொண்டே இருப்பதற்கென்று பதப்படுத்தியவை. எழுதுவதே பிரதானம், திரும்ப எடுத்துப் பார்ப்பது எப்போதாவது. உங்கள் வேலை அப்படியில்லை. ஒரே நாளில் நூறு தடவை திறந்து மூடுவீர்கள். அவசரத்துக்குப் போடலாம், ஆனால் காசு கொடுத்துப் புதிதாக வாங்கும்போது நான் அதை வாங்கித் தரமாட்டேன்.

கடைக்குப் போகுமுன், பெட்டிக் கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் பெட்டியின் மாடலைப் போட்டு, ஒத்துப்போகிற டிஸ்க் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். சைனாலஜி என்ற நாஸ் கம்பெனி 2025-ல் விட்ட பிளஸ் வரிசைப் பெட்டிகளில், பட்டியலில் இல்லாத டிஸ்க்கைப் புதிதாகப் போட முடியாமலே வைத்திருந்தார்கள். அந்த வருஷம் அக்டோபரில் டி.எஸ்.எம். 7.3 என்ற மென்பொருள் வந்த பிறகுதான் வெளிக் கம்பெனி டிஸ்க்கும் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. உங்கள் மகன் வாங்கியது அந்த வரிசை என்றால், டிஸ்க் மாட்டுவதற்கு முன் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

முடிந்தால் இரண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒரே தயாரிப்பில் பிறந்து, ஒரே லாரியில் குலுங்கி வந்த இரண்டும் ஒரே காலத்தில் தளர வாய்ப்பு உண்டு. ஒன்றை இங்கே வாங்குங்கள், இன்னொன்றை மகனை ஊரிலிருந்து வாங்கிவரச் சொல்லுங்கள். பில்லைக் கையோடு வாங்கிக்கொண்டு, சீரியல் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு இந்தியாவில் வாரண்டி இருக்கிறதா என்று கடையிலேயே நின்று பார்த்துவிடுங்கள். ரெட் பிளஸுக்கும் அயர்ன்வுல்ஃபுக்கும் 3 வருஷம், ப்ரோ என்றால் 5 வருஷம்.

கேள்வி: வில்லாபுரத்தில் சுங்குடிச் சேலை வியாபாரம். டிசைன் படங்களை வைக்க நாஸ் வாங்கினேன். புது 4 டி.பி. ஒன்று இருக்கிறது, பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த 2 டி.பி.யும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் 6 டி.பி. கிடைக்குமா?

இல்லைங்க அக்கா. ஒன்றில் இருப்பது இன்னொன்றிலும் இருக்கும்படி ஜோடி சேர்த்தால் சின்ன டிஸ்க்கின் அளவுதான் கணக்கு. 2 டி.பி. கிடைக்கும், பெரிய டிஸ்க்கில் பாதி சும்மா கிடக்கும். இரண்டையும் கூட்டி 6 ஆக்கவும் வழி இருக்கிறது. ஆனால் எது போனாலும் டிசைன் போய்விடும் என்பதால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பழைய டிஸ்க்கை நம்பித் தகவல் போடுமுன், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிற ஸ்மார்ட் அறிக்கையைத் திறந்து பாருங்கள், டிஸ்க்கை மாட்டினால் பெட்டியின் மெனுவிலேயே இருக்கும். எண் 5, எண் 197 என்ற இரண்டு வரிகளில் கடைசிப் பத்தியில் பூஜ்யம் இருக்க வேண்டும். 5 என்பது கெட்டுப்போய் மாற்றிக்கொண்ட இடங்கள், 197 என்பது படிக்க முடியாமல் நிற்கிற இடங்கள். அதிலும் 197 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். 199 என்பது டிஸ்க்குக்கும் பெட்டிக்கும் நடுவே தகவல் கெட்ட கணக்கு, அது மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிளோ மாட்டுகிற இடமோதான் கோளாறு, டிஸ்க் நன்றாகவே இருக்கலாம்.

4 டி.பி. டிஸ்க் 3.63 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, பெட்டி 1024-ஆல் வகுக்கிறது. டிஸ்க் சரியாகத்தான் இருக்கிறது.

கேள்வி: திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். ஆஃபரில் வாங்கிய பெரிய யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து, உள்ளே இருந்ததை நாஸில் மாட்டினேன். சுற்றவே மாட்டேன் என்கிறது. செத்துவிட்டதா?

சாகவில்லை, தம்பி. அந்த வகை டிஸ்க் சிலவற்றில் பவர் பின் வரிசையில் மூன்றாவதற்கு 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் தன்னை அணைத்துக்கொள்ளும். சர்வரில் தூரத்திலிருந்தே ஆஃப் செய்வதற்கான ஏற்பாடு அது. சில பெட்டிகள் அந்தப் பின்னுக்கு மின்சாரம் அனுப்பும், அதனால்தான் சுற்றவில்லை. சூடு தாங்குகிற மஞ்சள் காப்டான் டேப்பை அந்தப் பின்னில் மட்டும் மெல்லிசாக ஒட்டினால் சுற்றும். ஆனால் பிரித்ததுமே வாரண்டி சிக்கலாகிவிட்டது என்பதை மறக்க வேண்டாம். டேப் நகர்ந்து பக்கத்துப் பின்னை மூடினாலும் வம்பு.

இணையத்தில் மலிவாக வருகிற பழைய சர்வர் டிஸ்க்கைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விவரத்தில் சாஸ் என்று இருந்தால் அது சர்வருக்கான வேறு வகை இணைப்பு, தொடவே வேண்டாம், வீட்டுப் பெட்டியின் சாட்டா வாயில் அது நுழையாது.

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அது போதுமா? கத்திரி வெயிலில் டிஸ்க் தாங்குமா?

இன்வெர்ட்டர் மாறுகிற அந்த ஒரு கணத்தில் ஃபேன் நிற்காது, ஆனால் நாஸ் அணைந்து எழக்கூடும். பல இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ். என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டு வையுங்கள். அதைவிட நல்லது, நாஸோடு யு.எஸ்.பி. கேபிளில் பேசுகிற சின்ன யு.பி.எஸ். ஒன்று. பேட்டரி தீருமுன் பெட்டிக்குச் சொல்லிவிடும், அது எழுதுவதை முடித்துவிட்டு முறையாக அணையும். எழுதும்போதே கரண்ட் போவதுதான் ஆபத்து.

சூட்டைப் பொறுத்தவரை, கம்பெனிக் கணக்கில் பெரும்பாலும் 60, 65 டிகிரி வரை தாங்கும். நான் 45-க்குக் கீழே வைக்கப் பார்ப்பேன். பீரோ மேலேயும் மூடிய டிவி ஷோகேஸுக்குள்ளேயும் வைக்காதீர்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையும் வேண்டாம். பின்பக்க ஃபேனுக்குச் சுவரிலிருந்து ஒரு சாண் இடம் விட்டு, மாசத்துக்கு ஒரு தடவை தூசி தட்டுங்கள்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, திருநகர். இரண்டு நல்ல நாஸ் டிஸ்க் வாங்கிப் போட்டாகிவிட்டது. இனி போனிலும் லேப்டாப்பிலும் இருக்கிற குடும்பப் படங்களை அழித்துவிடலாமா?

டீச்சர், தயவுசெய்து இன்னும் அழிக்காதீர்கள். இரண்டு டிஸ்க் என்பது ஒன்று பழுதானால் மற்றொன்று நிற்பதற்குத்தான். பேரன் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழிந்துவிடும். இடி விழுந்தாலும் திருடு போனாலும் பெட்டியோடு இரண்டும் போகும். ஒரு யு.எஸ்.பி. டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதில் பிரதி எடுங்கள். இதற்கு எஸ்.எம்.ஆர். டிஸ்க்கே போதும், மலிவானதே வாங்கலாம். எடுத்து முடித்ததும் பழைய படம் பத்தைத் திறந்து பார்த்துவிட்டு, திண்டுக்கல்லில் மகள் வீட்டில் கொடுத்து வையுங்கள். தீபாவளிக்கு அவர்கள் வரும்போது கொண்டுவரச் சொல்லிப் புதுப் படங்களைச் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள். போனில் இருப்பதை அதற்குப் பிறகு அழிக்கலாம்.