அம்மாவுக்கு பிசினஸ், மற்றவர்களுக்கு எகானமி: டிக்கெட் போடும் முன் சில விஷயங்கள்

கேள்வி: கோடை விடுமுறைக்கு சென்னையிலிருந்து துபாய் வழியாக நியூயார்க் போகிறோம். நான், கணவர், 14 வயது மகள், 9 வயது மகன், என் அம்மா. அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. எகானமியில் அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. அவருக்கு மட்டும் பிசினஸ் கிளாஸ் போடலாம் என்று நினைக்கிறோம். பணம் ஒத்துவந்தால் எனக்கும். எல்லோருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போட முடியுமா? நடுவில் நானும் கணவரும் இடம் மாற்றிக்கொள்ளலாமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஒரே டிக்கெட்டாகப் போட முடியாது. ஒரே விமானத்தில் ஆளுக்கொரு கிளாஸ் என்றால் பெரும்பாலான நிறுவனங்களில் தனித்தனி பி.என்.ஆர். எடுத்தாக வேண்டும். டிக்கெட்டில் எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்கத்தில் இருக்குமே, அந்த முன்பதிவுக் குறியீடுதான். அம்மாவுக்கு ஒன்று, மற்ற நால்வருக்கு ஒன்று. நீங்களும் பிசினஸ் என்றால் நீங்களும் அம்மாவும் ஒன்றில், கணவரும் பிள்ளைகளும் இன்னொன்றில்.

அதனால் என்ன, எல்லோரும் போவது ஒரே விமானம்தானே என்று தோன்றும். எல்லாம் நேரத்துக்கு நடந்தால் ஒன்றுமில்லைதான். சென்னை விமானம் தாமதமாகி துபாயில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டீர்கள் என்று வையுங்கள். மாற்று விமானத்தைக் கணினி பி.என்.ஆர். வாரியாகத்தான் தேடும். அம்மாவுக்கு அன்றிரவே ஒரு பிசினஸ் இருக்கை கிடைத்துவிடும். எகானமியில் நான்கு பேருக்குச் சேர்ந்தாற்போல் மறுநாள்தான் இடம் இருக்கும். நீங்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்பது கணினிக்குத் தெரியாது.

ஆகவே முன்பதிவு செய்யும்போதே, ஒவ்வொரு பி.என்.ஆரிலும் மற்றதைக் குறிப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். 'இரண்டையும் லிங்க் பண்ணுங்கள்' என்றால் ஏஜென்டுக்கும் நிறுவனத்தின் தொலைபேசி ஊழியருக்கும் புரியும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். லிங்க் செய்வதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. கவுன்டரில் இருப்பவர் திறந்து பார்த்தால் குறிப்பு தெரியும், அவ்வளவுதான். தானாக நடக்கும் மாற்றத்தை அது தடுக்காது. அதனால் தாமதம் வந்து போனில் புது விமானம் காட்டினால், அவசரப்பட்டு 'ஏற்கிறேன்' என்று தட்டிவிடாமல், இரண்டு பி.என்.ஆரையும் எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போய்ப் பேசுங்கள்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். 9 வயதுப் பிள்ளை பெற்றோரில் ஒருவரின் பி.என்.ஆரில், அதே கிளாஸில் இருக்க வேண்டும். இந்திய விமான நிறுவனங்களுக்கு, நம் நாட்டு விமானத்துறையைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. 2024 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டது. 12 வயது வரையிலான குழந்தைக்கு, ஒரே பி.என்.ஆரில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் பக்கத்தில் இடம் கொடுக்க வேண்டும் என்பது அது. 'ஒரே பி.என்.ஆர்.' என்ற நிபந்தனையை யாரும் கவனிப்பதில்லை. பிரித்துப் போட்டுவிட்டு பக்கத்து சீட்டு கொடுங்கள் என்று கேட்டால் அந்த உத்தரவு உதவாது. வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றிலும், பெற்றோர் இருவரும் முன்னால் போய் 12 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையைப் பின்னால் விட்டால், அந்தப் பிள்ளை துணையில்லாமல் பயணம் செய்வதாகத்தான் கணக்கு. சில இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம், சில இடங்களில் அனுமதியே இல்லை. பிரிட்டன் சமையல் கலைஞர் கார்டன் ராம்சே, தானும் மனைவியும் முன்னால், பிள்ளைகள் எகானமியில் என்று 2017-ல் சொன்னது பெரிய பேச்சானது. அப்போது அவருடைய கடைக்குட்டிக்கே 15 வயது. உங்கள் மகளுக்கு அது ஒத்துவரும், மகனுக்கு வராது.

அடுத்தது இடம் மாற்றிக்கொள்வது. விமானம் மேலேறும்போதும் தரையிறங்கும்போதும் அவரவர் இருக்கையில்தான் இருக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. நடுவில் மாறுவதையும் பெரும்பாலான நிறுவனங்கள் விடுவதில்லை. யார் எந்த இருக்கையில் என்ற பட்டியலை வைத்துத்தான் சாப்பாடு முதல் அவசர உதவி வரை எல்லாம் நடக்கிறது. தவிர, ஒரு டிக்கெட்டில் இருவர் மாறி மாறிப் படுத்துத் தூங்குவதை எந்த நிறுவனமும் விரும்பாது. கேட்டுப் பார்க்கலாம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பிசினஸில் இருப்பவர் பின்னால் வந்து பார்த்துவிட்டுப் போவதற்குப் பொதுவாகத் தடை இல்லை. எகானமியில் இருப்பவர் முன்னால் போவதைத்தான் நிறுத்துவார்கள். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றால் கேபின் ஊழியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்; ஐந்து நிமிடத்துக்கு யாரும் மறுக்க மாட்டார்கள்.

விமானம் எது என்பதையும் பாருங்கள். துபாய்–நியூயார்க் தடத்தில் எமிரேட்ஸ் நிறுவனம் ஏ380 என்ற இரண்டு தள விமானத்தை ஓட்டுகிறது. அதில் பிசினஸ் மேல்தளத்தில், எகானமி கீழ்த்தளத்தில். நடுவில் திரைச்சீலைக்குப் பதில் மாடிப்படி! முழங்கால் வலிக்காரர் இறங்கி வரப்போவதில்லை, உங்களையும் நினைத்தபோது மேலே விடமாட்டார்கள். போதாக்குறைக்கு துபாயில் ஏ380-க்கென்றே கட்டிய 'ஏ' பிரிவில், பிசினஸ் பயணிகள் காத்திருக்கும் லவுஞ்சிலிருந்தே நேராக மேல்தளத்துக்கு ஏறிவிடலாம். வசதிதான், ஆனால் லவுஞ்சுக்குள் போன அம்மாவை நீங்கள் மறுபடி பார்ப்பது நியூயார்க்கில். அம்மா தனியாகப் போவதாக இருந்தால் ஒரே தளமுள்ள விமானம் நல்லது: போயிங் 777, ஏர்பஸ் ஏ350 மாதிரி.

சரி, அம்மாவைத் தனியாக முன்னால் உட்கார வைக்கலாமா? என்னைக் கேட்டால், அவர் ஏற்கெனவே விமானத்தில் போய்ப் பழகியவராகவும், தயங்காமல் மணியை அழுத்தி வேண்டியதைக் கேட்பவராகவும் இருந்தால் மட்டும். பிசினஸ் இருக்கை படுக்கையாவது பொத்தானில்தான். அது புரியாமல், கேட்கவும் கூச்சப்பட்டு, பயணம் முழுக்க நிமிர்ந்தபடியே உட்கார்ந்து போகும் பெரியவர்கள் உண்டு. அம்மா அப்படிப்பட்டவர் என்றால் வேறு வழி இருக்கிறது. சென்னை–துபாய் சுமார் 4 மணி நேரம், துபாய்–நியூயார்க் சுமார் 14 மணி நேரம். முதல் தடத்தில் எல்லோரும் எகானமி, நீண்ட தடத்தில் மட்டும் அம்மாவும் நீங்களும் பிசினஸ் என்று விலை கேளுங்கள். ஒருவருக்கே தடத்துக்குத் தடம் கிளாஸ் மாறலாம், அதில் தடை இல்லை. எப்போதும் பாதிப் பணம் மிச்சமாகும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்காமல் விடக்கூடாது. இன்னொன்று, பிரீமியம் எகானமி. கால் நீட்ட ஓரளவு இடம் கிடைக்கும், அம்மா பக்கத்திலேயே நீங்களும் இருக்கலாம்.

முதலில் ஐந்து பேருக்கும் எகானமி, அப்புறம் அம்மாவுக்கு மட்டும் ஏலத்தில் (மிச்சமுள்ள பிசினஸ் இருக்கைக்கு நாமே ஒரு விலை சொல்லிக் கேட்பது) அப்கிரேடு என்று யாராவது யோசனை சொன்னால் நம்பிவிடாதீர்கள். அந்த ஏலம் பொதுவாக பி.என்.ஆரில் உள்ள அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான். ஒருவருக்கு மட்டும் வேண்டுமென்றால் முதலில் பி.என்.ஆரைப் பிரிக்க வேண்டும்.

வீல்சேர் கட்டாயம் கேளுங்கள், கட்டணம் கிடையாது. படி ஏற முடியுமா, கொஞ்ச தூரம் நடக்க முடியுமா என்பதைப் பொறுத்து அதில் வகைகள் உண்டு, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வீல்சேர் பயணிகளைத் தள்ளிச் செல்பவர் அவருக்குச் சொன்ன வழியில்தான் போவார், கூட ஒருவரைத்தான் பெரும்பாலும் விடுவார். கணவரும் பிள்ளைகளும் தனியே நடந்து வரவேண்டியிருக்கும். எந்த கேட், எத்தனை மணிக்கு என்று முன்பே பேசி வையுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இறங்கும்போதுதான். பிசினஸ்காரர்கள் முதலில் இறங்குவார்கள், வீல்சேர் கேட்டவர்கள் கடைசியில். அம்மா அவசரமாக எழுந்து வெளியே போய்விடாமல், நீங்கள் வரும்வரை இருக்கையிலேயே இருக்கட்டும். நியூயார்க்கில் குடியேற்ற அதிகாரி முன் குடும்பமாகச் சேர்ந்து நிற்கலாம். எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள் என்ற கேள்விக்கு அம்மா தனியாகத் திணற வேண்டியதில்லை.

அம்மாவின் பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், மருந்து மூன்றும் அவர் கைப்பையில் இருக்க வேண்டும். எல்லாப் பாஸ்போர்ட்டையும் ஒரே பவுச்சில் போட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் வீட்டு ஆண்களுக்கு உண்டு, இந்தப் பயணத்தில் அது வேண்டாம்.

பெட்டிகளில் ஒரு லாபம் இருக்கிறது. அமெரிக்கா போகும் விமானங்களில் பெட்டி எண்ணிக்கைதான் கணக்கு. எகானமியில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ, பிசினஸில் 32 கிலோ என்பது வழக்கம். கனமானதை அம்மா பெயரில் போடலாம். ஆனால் டேக் யார் பெயரில் இருக்கிறதோ, சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். ஊறுகாயும் பொடியும் உள்ள பெட்டி உங்கள் பெயரில் இருக்கட்டும். சுங்க அதிகாரியிடம் உணவுப்பொருள் இருப்பதாகச் சொல்லிவிடுங்கள்.

லவுஞ்ச்? பிசினஸ் டிக்கெட் வைத்திருப்பவருக்கு மட்டும். மற்றவர்களைக் கூட்டிப்போக வேண்டுமானால் காசு கட்ட வேண்டியிருக்கும்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் இரண்டு பி.என்.ஆரையும் தனித்தனியே திறந்து பாருங்கள். வீல்சேர் கோரிக்கையும், கேட்டிருந்தால் சிறப்புச் சாப்பாடும் அம்மாவின் பி.என்.ஆரில், இரண்டு தடத்துக்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரித்தபோது விடுபட்டிருந்தால் ஒரு போன் போட்டுச் சேர்த்துவிடலாம்.